புது போப்பாண்டவரும் திருவிழா வரியும்

புது போப்பாண்டவர் வந்தப்ப நம்மாளுங்க பண்ணின அலப்பறையைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டே இருந்தேன். ஆடிட்டு, குவார்ட்டர் குளோசிங்னு தள்ளிப் போயிட்டே இருந்துச்சு. கொஞ்சம் காரமா இருக்கும், முன்னாடியே சொல்லிடறேன். கோயிலுக்குப் போறவங்க, போகாதவங்க ரெண்டு தரப்பும் திட்டலாம்.

2025 மே 8, வியாழக்கிழமை. இங்க துபாயில மணி எட்டு தாண்டி ஏழு நிமிஷம் இருக்கும், வத்திக்கான்ல வெள்ளைப் புகை. யாருன்னு பேர் வெளிய வர இன்னொரு மணி நேரம் ஆச்சு. ராபர்ட் பிரிவோஸ்ட். சிகாகோவில பிறந்தவர், பெரு நாட்டுல பல வருஷம் ஊழியம் செஞ்சவர். பதினாலாம் லியோன்னு பேர் வச்சுக்கிட்டார். அதுக்குள்ள என் போன் சூடாயிடுச்சு. காரணம் எங்க குடும்ப குரூப்பு. அப்பா வழி, ஆற்காடு மிஷன் காலத்துலேர்ந்து வந்த சி.எஸ்.ஐ. அம்மா வழி ஆர்.சி. வீட்டுக்காரம்மா பக்கம் பாதிப்பேர் பெந்தெகொஸ்தே. ஊர் சாந்திபுரம், சித்தூர் ஜில்லா, குப்பத்துக்குப் பக்கம். ஆந்திராதான், ஆனா வீட்டுப் பேச்சு தமிழ். கோலார் தங்கவயல்ல ஒரு சித்தி, பெங்களூர்ல ஒரு மச்சான். எந்தச் சபை, எந்த மாநிலம்னு பிரிச்சுச் சொல்ல முடியாத கும்பல்.

முதல்ல ஆர்.சி பக்கம். "அவரு நம்ம கேரளாவுக்கு வந்திருக்காரு!" அகுஸ்தீன் சபைக்கு உலகத் தலைவரா இருந்தப்ப 2004லயும் 2006லயும் வந்து போயிருக்கார். அந்தப் பழைய போட்டோவைத் தேடிப் பிடிச்சு, வட்டம் போட்டு, ஆளாளுக்கு அனுப்பினாங்க. ஒரு தடவை ஊருக்கு வந்து சாப்பிட்டுப் போனவர் பெரிய ஆளாயிட்டா நமக்கு வர்ற சந்தோஷம் இருக்கே, அதுல தப்பில்லை. விடுவோம்.

அடுத்தது பெங்களூர் மச்சான். வெளிப்படுத்தின விசேஷம் பதினேழாம் அதிகாரம், ஏழு மலை, அந்திக்கிறிஸ்து, எல்லாம் வரிசையா வந்துச்சு. கூடவே மலாக்கி தீர்க்கதரிசனம். பன்னிரண்டாம் நூற்றாண்டு ஐரிஷ் புனிதர் எழுதினதா சொல்ற 112 போப்புகளோட லிஸ்ட். அச்சுல வந்தது 1595ல. அதுக்கு முன்னாடி இருந்த போப்புகளுக்கு அச்சு அசலா பொருந்தும், அதுக்கு அப்புறம் வந்தவங்களுக்கு இழுத்துப் பிடிச்சாத்தான் பொருந்தும். ஏன்னு கண்டுபிடிக்க பெரிய மூளை வேண்டாம். பிரான்சிஸ்தான் 112வது, கடைசி, அவரோட உலகம் முடியுதுன்னு பன்னிரண்டு வருஷமா எனக்கு அனுப்பிட்டிருந்தவர் இவர். பிரான்சிஸ் 2025 ஏப்ரல் 21ல காலமானார். உலகம் முடியலை, லிஸ்ட்டுதான் முடிஞ்சது. "மச்சான், செக்புக் தீர்ந்து போச்சே, இனிமே எதுல கையெழுத்துப் போடுவீங்க?"ன்னு கேட்டேன். இன்னிக்கு வரைக்கும் பதில் இல்லை :-)

மூணாவதா அம்மா போன் பண்ணினாங்க. அவங்க கேட்டதுதான் இதை எழுத வச்சது.

"ஏம்பா, நம்ம பூலா சாமி வந்திருக்கக் கூடாதா?"

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். கர்தினால் அந்தோனி பூலா, ஹைதராபாத் பேராயர். கர்னூல் பக்கத்துக்காரர். 1992ல குருப்பட்டம் வாங்கினது கடப்பா மறைமாவட்டத்துக்கு. எங்க சித்தூர் ஜில்லா ஆர்.சி கோயில்களெல்லாம் அந்த மறைமாவட்டம்தான், அதனாலதான் அம்மாவுக்கு அவர் 'நம்ம சாமி'. 2022 ஆகஸ்ட்ல பிரான்சிஸ் அவரை கர்தினால் ஆக்கினார். தெலுங்கு மண்ணுலேர்ந்து முதல் கர்தினால், இந்தியாவிலேயே முதல் தலித் கர்தினால். போப்பைத் தேர்ந்தெடுக்க உள்ள போன 133 பேர்ல நாலு பேர் இந்தியர்கள், அதுல இவர் ஒருத்தர்.

அம்மாவோட சந்தோஷம் எனக்குப் புரியுது. மைக்கேலாஞ்சலோ வரைஞ்ச கூரைக்குக் கீழ நம்ம ஆந்திராவிலேர்ந்து போன ஒரு தலித் பாதிரியார் உட்கார்ந்து உலகத் திருச்சபைக்குத் தலைவர் யாருன்னு ஓட்டுப் போடறார். சின்ன விஷயமே இல்லை. ஆனா அதே வருஷம் பிப்ரவரியில, பிரான்சிஸ் ரோம் ஜெமெல்லி ஆஸ்பத்திரியில மூச்சுத் திணறிப் படுத்திருந்த அந்த நாட்கள்ல, டெல்லியில உச்சநீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்துச்சு. கும்பகோணம் மறைமாவட்டத்துக் கோட்டப்பாளையம் பங்கு. அங்க இருக்கிற தலித் கத்தோலிக்கர்கள் மனுவுல சொன்னது என்ன? திருவிழா வரி எங்ககிட்ட வாங்கறதில்லை, தேர் எங்க தெருவுக்கு வர்றதில்லை, கல்லறையிலயும் பாகுபாடு. மதுரைக் கிளை தள்ளுபடி பண்ணிடுச்சு, உச்சநீதிமன்றம் நோட்டீஸ் அனுப்புச்சு.

வரி வாங்க மாட்டேங்கறாங்கன்னு ஒருத்தன் கோர்ட்டுக்குப் போறான். இருபது வருஷத்துக்கு மேல பேங்க்ல இருக்கேன். பணம் கட்டமாட்டேன்னு ஓடினவனைப் பார்த்திருக்கேன். என் பணத்தை வாங்கிக்கோன்னு கெஞ்சி வழக்குப் போட்டவனைப் பார்த்ததில்லை. கிராமத்துல பொறந்தவங்களுக்கு இது விளங்கும். வரி கட்டினவனுக்குத்தான் திருவிழாவுல பாத்தியதை. ரசீது இல்லைன்னா நீ பங்காளி இல்லை, வேடிக்கை பார்க்கிறவன்.

ஆக, தலித் ஒருத்தர் போப்புக்கு ஓட்டுப் போடலாம். நூறு ரூபா திருவிழா வரி கட்ட முடியுமாங்கறது ஊர்க் கமிட்டி கையில. இது தெரிஞ்சும் நம்ம ஜனம் மே 8 ராத்திரி கேட்ட கேள்வி "அடுத்த தடவையாவது இந்தியர் வருவாரா?"

"புது போப்பு ஏழைகள் பக்கம், அவர் ஒரு வழி பண்ணுவார்"னு சொன்னவங்களுக்கு: ரோமாபுரி நம்ம ஜாதிப் பஞ்சாயத்தைக் கேட்க ஆரம்பிச்சு 400 வருஷம் ஆச்சு. 1606ல மதுரைக்கு வந்த டி நோபிலி, பூணூலும் குடுமியும் வச்சுக்கலாமான்னு கேட்டு, 1623ல பதினைந்தாம் கிரகோரி சரின்னார். 1704ல போப்போட தூதர் தூர்னோன் பாண்டிச்சேரியில உட்கார்ந்து ஒரு ஆணை போட்டார். அதுல ஒண்ணு, சாகக் கிடக்கிற பறையர் வீட்டுக்குள்ள குருக்கள் போய்த்தான் ஆகணும், வெளிய நின்னு மந்திரிக்கக் கூடாது. யோசிச்சுப் பாருங்க, இதுக்கு ஒரு ஆணை தேவைப்பட்டிருக்கு! அதுக்கு நாப்பது வருஷம் இழுபறி. 1744ல பதினாலாம் பெனடிக்ட் தீர்ப்பு எழுதினப்ப என்ன ஆச்சு? பறையர்களுக்குன்னு தனி குருக்கள்னு ஒரு ஏற்பாட்டை ஒத்துக்கிட்டு முடிச்சார். ஜாதி போகட்டும்னு ஆரம்பிச்ச சண்டை, ஜாதிக்கு ஒரு சாமியார்னு முடிஞ்சது.

இப்ப இருக்கிறவர் பேர் வாங்கினாரே, அந்தப் பதிமூணாம் லியோவுக்கும் நமக்கும் நேரடித் தொடர்பு உண்டு. எல்லாரும் அவரோட 1891 தொழிலாளர் சுற்றுமடலைப் பத்தியே எழுதினாங்க, இதை யாரும் எழுதலை. 1886ல இந்தியாவுக்கு முறையான மறைமாவட்ட அமைப்பைக் கொடுத்தவர் அவர்தான். 1893ல, இந்தியாவுக்கு இந்தியக் குருக்கள்தான் வேணும்னு எழுதி, கண்டியில ஒரு குருமடத்தை ஆரம்பிச்சு வச்சார். 1955ல புனேவுக்குப் போன பாப்பிறை குருமடம் அதுதான். தூத்துக்குடிக்கு ரோச் ஆண்டகை முதல் இந்திய லத்தீன் ஆயரா வந்தது 1923ல. லியோ விதை போட்டு முப்பது வருஷம் கழிச்சு. வெள்ளைக்காரன் இடத்துல நம்மவர் வந்தார், சரி. அந்த 'நம்மவர்'ல யார் யார் அடக்கம்ங்கறதுதான் அதுக்கப்புறம் நூறு வருஷமா நடக்கிற சண்டை.

சுவர் எப்படி விழும்னு தெரிஞ்சுக்கணும்னா திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தைப் பாருங்க. 1870கள்ல அங்க கட்டின கோயிலுக்குக் கால்சட்டை மாதிரி ரெண்டு கால். ஒண்ணுல வெள்ளாளர், இன்னொண்ணுல நாடார், நடுவுல சுவர், ரெண்டும் சேர்ற இடத்துல பீடம். அங்க நிக்கிற சாமியாருக்கு ரெண்டு பக்கமும் தெரியும், ஒரு பக்கத்துக்கு மறுபக்கம் தெரியாது. எந்தப் போப்பும் கடப்பாரை அனுப்பலை. 1910ல அந்தக் கோயில் பங்குச் சாமியார் சுவரை இடிச்சார். ஆயர் பின்வாங்காம நின்னார். வெள்ளாளர்கள் எங்க உரிமை போச்சுன்னு சென்னை உயர்நீதிமன்றம் வரைக்கும் போனாங்க, தோத்தாங்க. அவ்வளவுதான் கதை. ஒரு பங்கு, ஒரு சாமியார், ஒரு ஆயர்.

இதுக்கு நேர் எதிர் எறையூர். அப்ப விழுப்புரம் ஜில்லா, இப்ப கள்ளக்குறிச்சி. 2003 நவம்பர்ல தமிழ்நாட்டு ஆயர்கள் ரோமுக்குப் போயிருந்தப்ப ரெண்டாம் ஜான் பால் முகத்துக்கு நேரா சொல்லி அனுப்பினார். கிறிஸ்தவங்களுக்குள்ள ஜாதிப் பாகுபாடோட சாயல் இருந்தாக்கூட அது விசுவாசத்துக்கே விரோதம்ங்கற அர்த்தத்துல. ஆயர்கள் கேட்டுட்டு பிளைட் ஏறி வந்தாங்க. நாலு வருஷம் கழிச்சு, 2008 மார்ச்ல, எறையூர் தலித் கத்தோலிக்கர்கள் எங்களுக்குத் தனிப் பங்கு கொடுத்துடுங்கன்னு உண்ணாவிரதம் உட்கார்ந்தாங்க. ஒரே பாதையில பாடை போக முடியலை, ஒண்ணா உட்கார முடியலை, பிரிச்சாவது விடுங்கன்னு. வன்னியக் கிறிஸ்தவங்களுக்கும் அவங்களுக்கும் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல ரெண்டு பேர் செத்தாங்க. ரெண்டு பக்கமும் கழுத்துல ஜெபமாலை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைச் சுவரைப் பத்திச் சொல்லவே வேண்டாம், 2010ல அதை எதிர்த்துப் போராட்டம் பண்ணினவங்க பெரியார் கட்சிக்காரங்க. இடிக்கக் கிளம்பினவன் நாத்திகன், காவல் காத்தவன் விசுவாசி!

இப்ப நான் படிச்ச பி.காமுக்கு வருவோம்.

1950 ஆகஸ்ட் 10ல வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து அல்லாத தலித்துக்கு எஸ்.சி அந்தஸ்து இல்லை. 1956ல சீக்கியர்களைச் சேர்த்தாங்க, 1990ல பௌத்தர்களைச் சேர்த்தாங்க. கிறிஸ்தவங்களைச் சேர்க்கலை. சேர்க்கச் சொல்லி 2004லேர்ந்து உச்சநீதிமன்றத்துல வழக்கு. வருஷா வருஷம் ஆகஸ்ட் 10 கறுப்பு நாள். இதுல நம்ம சபைகள் டெல்லியில சொல்ற வாதம் என்ன? "மதம் மாறினாலும் ஜாதிக் கொடுமை போகலை, கிறிஸ்தவத்துக்குள்ளயும் தொடருது, அதனால பாதுகாப்பு வேணும்." நூத்துக்கு நூறு நியாயம். நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்.

அதே ஆளுங்ககிட்ட ஊர்ல போய் "சாமி, ஏன் தேர் அந்தத் தெருவுக்குப் போகலை?"ன்னு கேளுங்க. "நம்ம திருச்சபையில ஜாதி கிடையாதுப்பா, அது ஊர் வழக்கம்"னு பதில் வரும்.

இதுக்கு எங்க தொழில்ல பேர் ரெண்டு கணக்குப் புத்தகம். இன்கம் டாக்ஸ்காரனுக்கு ஒண்ணு, பார்ட்னருக்கு ஒண்ணு. மாட்டினா ரெண்டுமே செல்லாது. மாட்டவும் செஞ்சது. 2025 ஏப்ரல் 30, வெள்ளைப் புகைக்கு எட்டே நாள் முன்னாடி, ஆந்திர உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்துச்சு. குண்டூர்ப் பக்கம் ஒரு பாஸ்டர், ஜாதியைச் சொல்லித் திட்டி அடிச்சாங்கன்னு வன்கொடுமைச் சட்டத்துல புகார் கொடுத்திருந்தார். கிறிஸ்தவத்துல ஜாதி இல்லை, நீ கிறிஸ்தவன், அதனால உனக்கு அந்தச் சட்டம் இல்லைன்னு வழக்கையே ரத்து பண்ணிடுச்சு கோர்ட்டு. நாம பிரசங்கத்துல சொல்ற அதே வாக்கியம்தான், ஜட்ஜ் திருப்பிச் சொன்னார். ஆந்திராவில மதம் மாறின தலித்துக்கு பி.சி 'சி' பிரிவுல ஒரே ஒரு சதவீதம். 2011 சென்சஸ்ல ஒண்ணா இருந்த ஆந்திராவில கிறிஸ்தவங்க 1.34 சதவீதம்தான்னு போட்டிருக்கே, அந்த எண்ணைப் பார்த்து எங்க ஊர்ப் பக்கம் எல்லாரும் சிரிப்பாங்க. ஞாயித்துக்கிழமை சர்ச்சு, சர்ட்டிபிகேட்ல இந்து. வயித்துக்காகப் பொய் சொல்ற அந்தக் கூலிக்காரனை நான் ரெண்டு கணக்குக்காரன்னு சொல்லமாட்டேன். அவனுக்கு வேற வழி வைக்கலை.

இந்தத் தீர்ப்பைப் பத்தி எங்க குடும்ப குரூப்புல எத்தனை மெசேஜ் வந்துச்சு தெரியுமா? ஒண்ணு. நான் போட்டது. புகை எந்தக் கலர்னு அடுத்த வாரம் வந்தது இருநூறுக்கு மேல.

சரி, போப்பால ஒண்ணுமே முடியாதான்னு கேட்டா, ஒண்ணு முடியும். லத்தீன் மறைமாவட்டங்களுக்கு ஆயரை நியமிக்கிறது அவர். பிரிவோஸ்ட் 2023லேர்ந்து வத்திக்கான்ல ஆயர் நியமன இலாகாவைப் பார்த்தவர்தான். ஆனா நம்ம நாட்டு பைல் அங்க போகாது, நற்செய்தி அறிவிப்பு இலாகாவுக்குப் போகும். 2022 சீர்திருத்தத்துக்கு அப்புறம் அந்த இலாகாவுக்குத் தலைவர் யாருன்னா, போப்பே நேரடியா. ஆக பைல் அவர் மேசையிலதான். இந்தியக் கத்தோலிக்கர்ல பாதிக்கு மேல தலித்துகள், ஆயர்கள்ல அவங்க கொஞ்சம் பேர். ஜாதிப் பாகுபாடு உள்ள இருக்குன்னு 2016 டிசம்பர்ல இந்திய ஆயர் பேரவையே ஒரு கொள்கை ஆவணத்துல எழுத்துல ஒத்துக்கிச்சு. அதனால பேராயர் பதவிக்குத் தலித் பேரை அனுப்புங்கன்னு கேட்கிறது நியாயமான கோரிக்கை, கேட்கணும். ஆனா மூணு பேர் கொண்ட லிஸ்ட் இங்கேர்ந்துதான் போகுது. சேர்மன் மாறினதுக்கு கேக் வெட்டற எல்லா பிராஞ்சிலயும் பார்த்திருக்கேன், மறுநாள் கவுண்டர்ல அதே வரிசை, அதே எரிச்சல்.

இப்ப நம்ம பக்கம் வாங்க. வெளிநாட்டுத் தமிழர்களே, உங்களைத்தான்.

ஊர்த் திருவிழாவுக்குப் பணம் எங்கேர்ந்து போகுது? துபாய், குவைத், மஸ்கட், சிங்கப்பூர், டொராண்டோ. புதுத் தேர், கொடிமரம், கிரானைட் தரை, நாலு ராத்திரி சீரியல் லைட்டு. கல்வெட்டுல பேரைப் பார்த்தா பாதிக்கு மேல பிளைட் ஏறினவங்க. ரெண்டு தலைமுறைக்கு முன்னாடி ஊர்ப் பெரிய வீடு கொடுத்த பணத்தை இப்ப நாம கொடுக்கிறோம். தேர் எந்தத் தெருவுல திரும்பணும்ங்கறதை மட்டும் இன்னும் அவங்க முடிவு பண்றாங்க.

இங்க ஊத் மேத்தா செயின்ட் மேரீஸ்ல தமிழ்ப் பூசை நடக்குது. பக்கத்துல உட்கார்றவன் எந்த ஊர், எந்தத் தெருன்னு யாரும் கேட்கறதில்லை, நெருக்கியடிச்சு உட்கார்றோம். செத்தா ஜெபல் அலியில ஒரே மண்ணு. சந்தோஷம். அதே பூசை முடிஞ்சு வாசல்ல டீ குடிக்கும்போது பொண்ணுக்கு வரன் பேச்சு வரும் பாருங்க. ஆர்.சி நாடார், ஆர்.சி உடையார், ஆர்.சி வெள்ளாளர், சி.எஸ்.ஐன்னா அதுலயும் உட்பிரிவு. பயோடேட்டாவுல ஞானஸ்நானம் வாங்கின பங்குக்கு ஒரு வரி, ஜாதிக்கு ஒரு வரி. முதல் வரி இல்லைன்னாலும் ஜாதகம் நகரும் (ஆமாம், ஜாதகமும் பார்க்கிறாங்க!). ரெண்டாவது வரி இல்லைன்னா போனே வராது. மே 8 ராத்திரி எனக்கு முதல்ல வாழ்த்து அனுப்பின நண்பர் அதே வாரத்துல மகனுக்கு அனுப்பின பயோடேட்டாவையும் நான் பார்த்தேன்.

"நீங்க சொல்றதெல்லாம் சரி சார், ஆனா காலம் கெட்டுக் கிடக்கு. சர்ச்சு மேல கல்லு விழுது, இப்பப் போய் நம்ம அழுக்கை நாமே வெளிய காட்டலாமா"ன்னு சிலர் கேட்பாங்க. இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், பயம் நிஜமானது. ஆனா எறையூர் சண்டை நடந்தப்பவும் இதையேதான் சொன்னாங்க. காலம் நல்லா இருந்தப்ப "இப்ப எதுக்குக் கிளறணும்", கெட்டுப் போனப்ப "இப்பப் போய் கிளறலாமா". அப்புறம், இந்த அழுக்கு யாருக்குத் தெரியாதுன்னு நினைக்கிறீங்க? கல்லெறியறவனுக்கு நல்லாத் தெரியும், மேடையில அதைத்தான் முதல்ல பேசறான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல்னு சேரிக்குள்ள முதல்ல வந்தது சபைதான், என் தாத்தா படிச்சதே அப்படித்தான். அந்த நல்ல பேரை வட்டியோட சாப்பிட்டு எத்தனை நாளைக்கு ஓட்டறது?

செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். அதையொட்டித் திருவிழா வைக்கிற ஊர்க் கமிட்டிக்காரங்க ஜூலையிலயே வாட்ஸ்அப்ல அக்கவுண்ட் நம்பர் அனுப்பிடுவாங்க. அனுப்பினதும் ஒரு போன் போடுங்க. தேர் எந்தெந்தத் தெரு வழியா போகுது, வரி எல்லா வீட்லயும் வாங்கறீங்களா, கல்லறைத் தோட்டம் ஒண்ணா ரெண்டா. மூணே கேள்வி, ரெண்டு நிமிஷம். "அதெல்லாம் ஊர்ப் பெரியவங்க பார்த்துக்குவாங்க, நீங்க அனுப்பி விடுங்க தம்பி"ன்னு பதில் வந்தா பணத்தை நிறுத்திட்டு, வரி வாங்கப்படாத வீடுகள்ல ஒருத்தர் நம்பரைக் கேட்டு வாங்குங்க. கிடைக்கிறது கஷ்டம்தான். நம்ம போன்ல அந்தத் தெருக்காரங்க நம்பர் யாருகிட்டயும் இருக்காது.